புதியதைக் கொடு, பழையதை வை

கண்ணு,

கல்யாணத்துக்கு வந்த மூட்டைகளைப் பிரித்தால் பாதிக்கு மேல் பெட்ஷீட்டும் துண்டும்தான், பீரோ கதவை மூட முடியவில்லை, எத்தனையை வைத்துக்கொண்டு எத்தனையைக் கொடுக்கட்டும் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் "சரிங் அம்மாயி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டிலுக்கு இரண்டு போதும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாமே. அவர்கள் வீட்டில் துணி உலர்த்த மெஷின் இருக்கும். நீ இருப்பது சென்னையில், நாலாவது மாடியில், கப்பி வைத்து ஏற்றி இறக்கும் கம்பிகள் தொங்குகிற ஒரு சின்ன பால்கனியோடு. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐப்பசியில் துவைத்துப் போட்ட பெட்ஷீட் மூணாம் நாளும் கையில் சில்லென்று இருக்கும். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தால் எல்லாமே வேண்டும் என்றுதான் தோன்றும். பால்கனிக்குப் போய் அந்தக் கம்பியைப் பார்த்து எண்ணு.

வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுகிறாய் என்று வைத்துக்கொள். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று பீரோவில். நீங்கள் தினமும் படுக்கிற கட்டிலுக்கு மூன்று. மழை இரண்டு நாள் சேர்ந்து பிடித்தாலும், மாப்பிள்ளை காபியைக் கொட்டினாலும் இந்த மூன்றுக்குள் சமாளித்துவிடலாம். யாரும் தினமும் படுக்காத அந்த இன்னொரு அறைக் கட்டிலுக்கு இரண்டு போதும். மொத்தம் ஐந்து. இதற்கு மேல் ஒன்றை வைப்பதானால் அது ஏதுக்கு என்று உன்னால் ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். "அழகாக இருக்கிறது" என்பதும் ஒரு காரணம்தான், அப்படி ஒன்றே ஒன்று வைத்துக்கொள். எனக்கும் அந்த ஆசை உண்டு.

எந்த ஐந்து என்பதில்தான் வேலை இருக்கிறது. முதலில் டேப்பை எடு. எங்கள் காலத்துக் கட்டில் ஆறேகால் அடி நீளம், நாலடியோ ஐந்தடியோ அகலம். அதற்கு எந்த விரிப்பும் போதும். உன் மெத்தை 78 அங்குல நீளம், 72 அங்குல அகலம், 8 அங்குலக் கனம் என்று உன் அம்மா சொன்னாள். பரிசாக வந்த உறைகளில் "டபுள்" என்று மட்டும் போட்டிருப்பான். உள்ளே பெரும்பாலும் 90 அங்குல அகலம் இருக்கும். 72 அகலத்தோடு இரண்டு பக்கக் கனம் எட்டும் எட்டும் கூட்டு, 88 ஆகிறது. மெத்தைக்கு அடியில் செருக மீதி இரண்டே அங்குலம், பக்கத்துக்கு ஒன்று. விடிவதற்குள் அது சுருண்டு உன் முதுகுக்கு அடியில் கிடக்கும். அவ்வளவு பெரிய மெத்தைக்கு 108 அங்குல அகலமாவது வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே மூட்டையில் பாதி கழிந்துவிடும் பார். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால் இன்னும் ஜாக்கிரதை. அந்த எலாஸ்டிக் பீரோவில் சும்மா கிடந்தாலே சில வருஷத்தில் தொளதொளத்துவிடும், சேர்த்து வைக்கிற பொருளே அல்ல அது.

அடுத்து நூல். ஓரத்தில் ஒரு இழையை உருவி, குழாய்க்குப் பக்கத்தில் நின்று தீக்குச்சியைக் காட்டு. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். சித்திரை வெயிலில் பாலியஸ்டர் விரிப்பில் படுத்து எழுந்தால் முதுகு நனைந்திருக்கும். பருத்திதான் வியர்வையை இழுக்கும். ஆனால் அதே குணத்தால்தான் பருத்தி காயவும் நேரம் எடுக்கிறது. ஆகையால் மழைக்கு என்று கலப்பு நூல் விரிப்பு ஒன்று வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் மொடமொடவென்று இருப்பதை மட்டும் நம்பாதே. அந்த மொடமொடப்பில் பாதி கஞ்சி. தறி வீட்டில் வாழ்ந்தவளுக்கு அந்த வாடை தெரியும். பாவுக்குக் கஞ்சி போடாமல் நெசவு ஏது? ஒரு தண்ணியில் அலசிப் போட்டுவிட்டு, பிறகு தொட்டுப் பார்த்து வை அல்லது கொடு.

தலையணை உறை விஷயத்தில் எந்த வீடியோவும் நமக்கு ஒத்துவராது. தேங்காய் எண்ணெய் வைக்கிற தலைக்கு அவர்கள் கணக்குப் போடவில்லை. விரிப்பு ஒரு வாரம் தாங்கும், உறை நாலு நாளில் சிக்கு வாடை அடித்துவிடும். தலையணைக்கு நாலு உறை வை. எண்ணெய்க் குளியலுக்கு முந்தின ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாயே, அதற்கு என்று கருநீலத்தில் ஒன்று தனியாக இருக்கட்டும். மீதி எல்லாம் வெளிர் நிறமாக இருந்தால் அழுக்கு கண்ணில் படும், துவைக்கத் தோன்றும்.

துண்டுக்கு வா. உனக்கு வந்திருப்பதெல்லாம் தேங்காய்ப்பூத் துண்டு, கனமாக, பூப்பூவாக. ஒரு துண்டு அரைக் கிலோ வரும். தண்ணீர் குடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேருக்கு ஆளுக்கு மூன்று என்று வைத்தால் மூன்று கிலோ துண்டு மட்டும் மெஷினில் போகும், கம்பியில் வேறு எதற்கும் இடம் இருக்காது. நம் ஊர் ஈரிழைத் துண்டு அரை மணி நேர வெயிலில் காய்ந்துவிடும், மடித்தால் புத்தகம் அளவுக்கு அடங்கும். சீக்கிரம் காய்கிற துண்டாக இருந்தால் எண்ணிக்கையே குறையும். ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டு, வீட்டுக்கு மொத்தமாக இரண்டு தேங்காய்ப்பூத் துண்டு. தலைமுடியைத் துவட்ட, குளிரில் போர்த்த அது வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. துவைக்கும்போது துணியை மிருதுவாக்க ஊற்றுகிற அந்த வாசனைத் திரவத்தைத் துண்டுக்கு ஊற்றாதே, அது நூலின் மேல் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது. பிறகு "இந்தத் துண்டு சரியில்லை, புதிது வாங்கலாம்" என்பாய்.

விருந்தாளி என்று சொல்லித்தான் வீட்டுக்கு வீடு பீரோ ரொம்புகிறது. சென்னிமலைத் தைப்பூசத் தேருக்கு நம் வீட்டில் திண்ணையிலிருந்து அடுக்களை வாசல் வரைக்கும் ஆள் படுத்திருப்பார்கள். காங்கயத்துக்காரர்கள், பெருந்துறைக்காரர்கள், உன் அப்புச்சியின் கூட்டாளிகள், யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத பிள்ளைகள். அப்போதும் ஆளுக்கு ஒரு விரிப்பா போட்டோம்? பவானி ஜமுக்காளம் நாலு இருந்தது, விரித்தால் கூடம் அடைந்துவிடும், தலைக்கு அவரவர் துணிப்பை. இன்றைக்குத் தேர் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலமே காரில் திரும்பிவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு வந்தால் லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் என் வருத்தத்துக்காக நீ பீரோவில் பத்துப் போர்வை வைக்க வேண்டியதில்லை. போன வருஷம் உன் அம்மா வீட்டில் ராத் தங்கினவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணச் சொல். அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி போர்வை, ஒரு ஜமுக்காளம், இரண்டு கோரைப் பாய். போதும்.

ஜமுக்காளத்தைக் குறைவாக எண்ணிவிடாதே. காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில், குழித்தறியில் முரட்டு நூலில் நெய்வது அது. 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு வாங்கினது. விசைத்தறியில் நெய்து அந்தப் பெயரிலேயே விற்கிறான், பார்த்து வாங்க வேண்டும். நல்லதாக ஒன்று அமைந்தால் மூன்று பேர் படுக்கலாம், பந்தி போடலாம், கொலு வைக்கும்போது பெண்களை உட்கார வைக்கலாம். நாலு சாமான் செய்கிற வேலையை ஒன்று செய்யும்போது நாலையும் எதற்கு அடுக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்லதை விருந்தாளிக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, கிழிந்ததில் வீட்டு ஆட்கள் படுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. மடித்து வைத்த பருத்தி மடிப்பிலேயே மஞ்சளாகும், மடிப்பிலேயே இற்றுப்போகும். பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைக்கத் தெரிந்தவர்கள்கூட விரிப்பை அப்படியே பத்து வருஷம் விட்டுவிடுகிறார்கள். அந்த விருந்தாளி வரும்போது உதறி விரித்தால் மடிப்போடு கோடு கோடாகப் பிரிகிறது.

தறிக்காரன் வீட்டுக்காரி துணியைக் குறைத்து வை என்று சொல்கிறாளே என்று நினைப்பாய். பீரோவில் தூங்குகிற விரிப்பால் எந்த நெசவாளிக்கும் அடுத்த பாவு கிடைக்காது. தினமும் படுத்து, துவைத்து, நைந்து போனால்தான் நீ திரும்பக் கடைக்குப் போவாய். சென்னிமலையில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வருவதற்கு எத்தனையோ காரணம் உண்டு, ஆனால் விரிப்பைத் தினமும் விரித்து உழைக்க விடுவது அதில் ஒரு காரணம் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் எல்லோரும் செய்வது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வது. நீ திருப்பிச் செய். உறை பிரிக்காத விரிப்புகளைக் கொடு, நைந்து மிருதுவான பழந்துணியை வை.

அப்புச்சி கடைசியில் படுக்கையோடு இருந்தாரே, அப்போது எனக்குப் புதுத் துணி ஒன்றும் உதவவில்லை. மெத்தை மேல் விரிப்பு, அதன் மேல் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் ரப்பர் விரிப்பு, அதன் மேல் நாலாக மடித்த பழைய நாலு முழ வேட்டி. நனைந்தால் அந்த வேட்டியை மட்டும் பக்கவாட்டில் உருவி மாற்றிவிடலாம், ஆளை எழுப்ப வேண்டியதில்லை. சுருக்கம் ஒன்று விழுந்தாலும், ஈரம் கொஞ்சம் நின்றாலும் அந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். நர்ஸ் அம்மா வந்தால் முதலில் முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றினோம் என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கொடி முழுக்க வேட்டியாகத்தான் இருந்தது. அவர் ஆயுசு முழுக்கக் கட்டித் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன வேட்டிகள். புது வேட்டியைக் கடையில் வாங்கலாம் கண்ணு. பழைய வேட்டியை எங்கே போய் வாங்குவாய்?

பிள்ளை பிறந்த வீட்டிலும் அதே கதைதான். பச்சைக் குழந்தையைத் துடைக்க, சுற்ற, அடியில் போட, தூளி கட்ட, எல்லாவற்றுக்கும் நைந்த பருத்திதான் வேண்டும். உன் அம்மா பிறந்தபோது தூளிக்கு என் மாமியாரின் நூல் புடவை. நீ பிறந்தபோது என்னுடையது. உன்னை அவசரப்படுத்துவதாக நினைக்காதே, துணிக் கணக்குக்காகத்தான் சொல்கிறேன். ஒரு மூட்டை, ஒன்றே ஒன்று, பழந்துணிக்கு என்று வை. நல்ல வெயிலில் காயப்போட்டு, ஒரு பழைய தலையணை உறைக்குள் திணித்துக் கட்டி மேல் தட்டில் போட்டுவிடு. அதில் பாச்சை உருண்டையை மட்டும் போட்டுவிடாதே. அந்த வாடை ஏறின துணியில் கைக்குழந்தையைக் கிடத்தக் கூடாது. சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும் என்று டாக்டர்களே எச்சரிக்கிறார்கள். கஞ்சி போடாமல், நன்றாகக் காய வைத்து வைத்தாலே பூச்சி பாதி அண்டாது, ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். பரிசு வந்த பிளாஸ்டிக் உறையில் பருத்தியை வைக்காதே. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பிடிக்கும், பிறகு எதைப் போட்டாலும் போகாது.

நைந்த விரிப்பு அவ்வளவு சீக்கிரம் செத்துப்போவதும் இல்லை. பெட்ஷீட் நடுவில்தான் முதலில் இறும், ஆள் புரளுகிற இடத்தில். கால்மாட்டுப் பக்கம் புதிது போலவே இருக்கும். அங்கிருந்து இரண்டு தலையணை உறை வெட்டலாம். நடுத்துண்டு அடுப்படிக்குப் பிடிதுணி. பருத்தியாக இருந்தால் மட்டும், பாலியஸ்டரில் சூடான குக்கரைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். அகலமான துண்டாகக் கிடைத்தால் வடகம் காய வைக்க, இட்லித் தட்டுக்கு மெல்லிசானது, ஜன்னல் துடைக்க மீதி. அதற்கும் பிறகு மிதியடி. நீங்கள் வீட்டைக் காலி பண்ணுகிறோம் என்று இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் கடைக்குப் போய்க் காகிதச் சுருள் வாங்கி வந்து அடுப்பைத் துடைக்கிறீர்கள். எனக்கு அது புரிவதே இல்லை. ஆனால் இதற்கும் அளவு உண்டு. பிடிதுணி ஆறுக்கு மேல் போனால் அழுக்கைச் சேர்த்து வைக்கத்தான் அது.

சரி, கொடுப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழந்துணி போய் இறங்கியது. கிழிசலும், பொத்தான் இல்லாததும், அங்கே யாரும் உடுத்தாத மாதிரியானதும். மீனவர்கள் தொடவில்லை. ரோட்டோரத்தில் குவிந்து மழையில் நனைந்தது. வீட்டை இழந்தவர்களுக்கு நம் வீட்டுக் கழிசலைப் போட்டு அனுப்பினோம், அவர்களுக்கு ரோஷம் இருக்காது என்று நினைத்துக்கொண்டோம். அதனால்தான் புதியதைக் கொடு என்கிறேன். உறையோடு இருக்கிற அந்த 90 அங்குல விரிப்புகள் எல்லாம் ஐந்தடிக் கட்டிலுக்கு நன்றாகப் பொருந்தும். உன் வீட்டில் வேலை செய்கிற அம்மாளிடம் அவள் கட்டில் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடு, தலையில் கட்டாதே. ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை யாராவது அடுக்குமாடியில் இருக்கும். சிங்கிள் விரிப்பும் இரண்டு உறையும் ஒரு துண்டும் சேர்த்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஒரு கடைச் செலவு மிச்சம். பரிசாக வந்ததை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உள்ளே பெயர் எழுதின சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். உன் பெரிய அத்தை கொடுத்ததை அவளுடைய நாத்தனார் வீட்டுக்கே அனுப்பிவிடாதே.

கறை பட்டதும் கிழிந்ததும் நாய், பூனைக் காப்பகங்களுக்கு வேண்டியிருக்கும், போன் பண்ணிக் கேட்டுவிட்டு எடுத்துப் போ. கூஞ்ச் என்று 1999இலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது, பழைய பருத்தித் துணியைச் சுத்தம் பண்ணி, கிராமத்துப் பெண்களுக்கு மாதவிலக்குத் துணியாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். துவைத்துக் காய வைத்துக் கொடுக்க வேண்டும், அது மட்டும் முறை. போகிக்கு என்று எதையும் எடுத்து வைக்காதே. பாலியஸ்டரைக் கொளுத்தினால் உன் தெருவே இருமும்.

எதைக் கொடுப்பது என்று மனசு வரவில்லை என்றால் ஒரு வழி. துவைத்து மடித்ததை அடுக்கின் அடியில் வை, மேலிருப்பதை எடுத்து விரி. எல்லாவற்றுக்கும் முறை வரும். இரண்டு மாதம் இப்படிச் செய்து பார். மேலே இருக்கும் ஒன்றை உன் கை தாண்டிப் போய் அடுத்ததை உருவும். நிறம் பிடிக்கவில்லையோ, உராய்கிறதோ, யார் கொடுத்தது என்கிற நினைப்போ, உனக்கே காரணம் தெரிய வேண்டாம். அதைக் கொடுத்துவிடு.

மேல் தட்டில் சிவப்பும் பச்சையுமாகக் கரை போட்ட ஜமுக்காளம் ஒன்று சுருட்டி வைத்திருக்கிறாயே, அதன் மேல் மட்டும் கை வைக்காதே. அது உன்னுடையது இல்லை, உன் அம்மா இடம் இல்லை என்று உன் வீட்டில் கொண்டு வந்து போட்டது. அவளுக்குப் போன் பண்ணி, தை பிறப்பதற்குள் எடுத்துக்கொள்கிறாயா, இல்லை நான் விரித்துக்கொள்ளட்டுமா என்று நாள் சொல்லிக் கேள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். நாலு நாள் கழித்து, "அதை எதுக்குக் கேக்கற, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்பாள். அப்படிச் சொன்னால் விரித்துவிடு. பஸ் ஏறி நான் வரும்போது கட்டில் எல்லாம் எனக்கு வேண்டாம், அதில்தான் படுப்பேன்.

அம்மாயி